விடை தெரிந்தும் குறிப்பு பிடிபடவில்லையா? கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் பிரித்துப் பார்க்கும் வழி

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிரிப்டிக் குறுக்கெழுத்தில் விடைப் பக்கத்தைப் பார்த்த பிறகும் குறிப்பிலிருந்து அந்த விடை எப்படி வந்தது என்று புரியவில்லை. ஒவ்வொன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?" கிரிப்டிக் என்றால், குறிப்பு விடையின் நேர்ப்பொருளோடு அதே விடைக்குக் கொண்டுபோகும் ஒரு சொல்விளையாட்டையும் பெரும்பாலும் சேர்த்தே தரும் குறுக்கெழுத்து. மூன்று குறிப்புகளையும் விடையோடு எழுதியிருக்கிறார். அதில் முதலாவது:

மூக்கைப் பார்த்தார், கிடைத்தது பினாங்குச் சோறு (2,4)

விடை: நாசி கண்டார்.

இதிலேயே தொடங்குவோம். ஒரு தாளில் இரண்டு கட்டம், இடைவெளி, நான்கு கட்டம் போடுங்கள். நா, சி. பிறகு க, ண், டா, ர். இப்போது குறிப்பை எடுத்து 'கிடைத்தது' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் 'பினாங்குச் சோறு'. அது விடையின் நேர்ப்பொருள். இடப்பக்கம் 'மூக்கைப் பார்த்தார்'. மூக்கு என்றால் நாசி. பார்த்தார் என்றால் கண்டார். 'கிடைத்தது' இரண்டையும் இணைக்கும் பாலம், அதற்கு வேறு வேலை இல்லை.

மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தடி வைத்துச் சுமப்பது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அப்படிச் சுமந்து விற்றதால் வந்த பெயர். குறிப்பை எழுதியவர் அந்த மலாய்ச் சொற்கள் இரண்டும் தமிழிலும் பொருள் தருவதைக் கண்டுபிடித்திருக்கிறார். இன்னொரு நயமும் உண்டு. குறிப்பில் 'மூக்கை' என்று ஐ உருபு இருக்கிறது, விடையில் இல்லை. பால் குடித்தான் என்றால் பாலைக் குடித்தான் என்று நாம் பொருள் கொள்வதுபோல, நாசி கண்டார் என்றால் நாசியைக் கண்டார். இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஆகவே கணக்கு சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.

கணக்குத் தீர்வது என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் இதுதான்: விடையில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் குறிப்பில் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்; குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று மிஞ்சினாலும் நீங்கள் இன்னும் குறிப்பைத் தீர்க்கவில்லை, ஊகித்திருக்கிறீர்கள்.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. குறுக்கெழுத்து என்ற விளையாட்டு 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஆர்தர் வின் என்பவர் ஒரு நாளிதழில் போட்டதிலிருந்து தொடங்கியது. அது நேர்ப்பொருள் மட்டும் கேட்கும் புதிர். 1920களில் பிரிட்டனில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதியவர்தான் முழுக்க முழுக்கச் சொல்விளையாட்டாக அதை மாற்றினார். பிறகு 1949இல் அஃப்ரிட் என்ற புனைபெயர்க்காரர் ஒரு நியாயத்தை வகுத்தார்: குறிப்பு எழுதுபவர் மேலோட்டமாகச் சொல்வது ஒன்றாகவும் உள்ளே உணர்த்துவது வேறாகவும் இருக்கலாம், ஆனால் உணர்த்த வேண்டியது சொற்களில் அப்படியே இருந்தாக வேண்டும். 1966இல் சிமெனீஸ் என்ற புனைபெயரில் எழுதியவர் அதை இன்னும் கறாராக்கினார்: துல்லியமான ஒரு நேர்ப்பொருள், நியாயமான ஒரு சொல்விளையாட்டு, வேறெதுவும் கூடாது. தமிழில் எழுதும்போதும் நல்ல கைகள் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்காது. தமிழ் வாக்கியம் முடிவை நோக்கி ஓடுவது. பெயரெச்சங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரு பெயர்ச்சொல்லில் உட்காரும். அதனால் தமிழ்க் குறிப்புகளில் நேர்ப்பொருள் பெரும்பாலும் கடைசி ஒன்று முதல் மூன்று சொற்களில்தான். முதலில் அங்கே கோடு போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் தொடக்கத்துக்குப் போங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்தின் எண்ணிக்கை. தமிழில் ஓர் எழுத்து என்றால் உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒரு கட்டம். 'கண்டார்' நான்கு. ஆங்கிலம் பழகியவர்கள் க், அ என்று உடைத்துப் பார்க்கப் போய்த் தடுமாறுவார்கள். உயிர்மெய்யை உடைக்கக் கூடாது. குறிப்பு வெளிப்படையாகக் காலையோ கொம்பையோ புள்ளியையோ சுட்டினால் மட்டும் உள்ளே கை வைக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய இரண்டாவது குறிப்பு:

நூறு காசு, வியாழனுக்கு அடுத்தது (3)

விடை: வெள்ளி. இது இருபொருள் குறிப்பு. சொல்விளையாட்டே கிடையாது, இரண்டு நேர்ப்பொருள்கள் ஒட்டி நிற்கின்றன. காளமேகப் புலவர் காலத்துச் சிலேடைதான் இது. நூறு காசு சேர்ந்தால் நம் ஊரில் ஒரு வெள்ளி. வியாழக்கிழமைக்கு அடுத்தது வெள்ளிக்கிழமை. நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எதுவென்று ஊகிக்க முடிகிறது: 'வியாழன்' என்றதும் கோள் நினைவுக்கு வந்திருக்கும். சூரியனிலிருந்து எண்ணினால் வியாழனுக்கு அடுத்த கோள் சனி. வெள்ளியும் ஒரு கோள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஆனால் சனி இரண்டு எழுத்து, கட்டம் மூன்று. எண்ணிக்கையை முதலிலேயே பார்க்கப் பழகினால் இப்படிப்பட்ட வழிமாறல் பாதி குறையும்.

குறிப்பு எழுதியவர் மலேசியக்காரர் என்பதும் இதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் வெள்ளி என்றால் உலோகமும் கிழமையும் கோளும்தான்; ரிங்கிட் என்ற பொருள் அங்கே இல்லை. 'காடி'யும் அப்படி. "ஊறுகாய்க்கு ஊற்றுவது, நம் ஊரில் ஓட்டுவது (2)" என்று போட்டால் செந்தூலில் உடனே பிடித்துவிடுவார்கள், திருச்சியில் திணறுவார்கள். குறிப்பில் 'நம் ஊரில்' என்று ஒரு சொல் வைத்து வழக்குச் சொல் என்பதைக் காட்டியதுதான் நியாயம். அது இல்லாமல் 'ஓட்டுவது' என்று மட்டும் போட்டிருந்தால் வெளியூர்க்காரருக்குக் கதவை அடைத்த மாதிரி ஆகியிருக்கும்.

மூன்றாவது:

திரும்பப் படி, ஈசனே! (2)

விடை: சிவா. இது நீங்கள் அனுப்பியவற்றிலேயே சிறந்தது. படி என்றால் வாசி. 'திரும்ப' என்பது ஏவல்: வாசி என்பதைத் திருப்பு. வா, சி திரும்பினால் சி, வா. நேர்ப்பொருள் 'ஈசனே'. சிவன் அல்ல, சிவா. ஏகாரம் போட்டு விளித்திருப்பதால் விடையும் விளியாகவே இருக்க வேண்டும். குறிப்பின் இலக்கணம்தான் விடையின் இலக்கணம். நேர்ப்பொருள் பன்மையில் இருந்தால் விடை பன்மை; இறந்த காலத்தில் இருந்தால் விடையும் இறந்த காலம். விடை கிடைக்காமல் தவிக்கும்போதுகூட இதை வைத்துக் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிடலாம். 'செய்தவர்' என்று முடிந்தால் ர், 'செய்தார்கள்' என்று முடிந்தால் ள்.

தமிழில் திருப்பல் குறிப்பு அரிது. காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் சொற்களில் பெரும்பகுதி ம், ன், ல், ர் என்று மெய்யில் முடிபவை. புள்ளி வைத்த எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வராது. ஆகவே அவற்றைத் திருப்பினால் எதுவும் கிடைக்காது. உயிரில் முடியும் சிறு சொற்களில்தான் இது நடக்கும். 'திரும்ப', 'பின்னோக்கி', 'தலைகீழாக', மேலிருந்து கீழ்க் குறிப்பானால் 'மேலேறி' போன்ற சொல்லைக் கண்டால் இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களை மட்டும் தேடுங்கள்.

இனி மற்ற வகைகள். சேர்ப்புதான் தமிழுக்கு மிக இயல்பானது.

நிறைய உறைப்பு சேர்த்துத் தீபாவளிக்குச் சுடுவது (5)

நிறைய = பல. உறைப்பு = காரம். பலகாரம். வேறு சேர்ப்புகளில் ஒரு துண்டு முழுச்சொல்லாகவும் மறு துண்டு ஒற்றை எழுத்தாகவும் இருக்கும்:

கம்பன் முதலில் விதை போட்டதும் கிடைத்த பாட்டு (3)

'கம்பன் முதலில்' என்றால் கம்பன் என்ற சொல்லின் முதல் எழுத்து, க. அதோடு விதை. கவிதை. பார்த்தால் கம்பர் வயலில் இறங்கி விதைத்தது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை மனதிலிருந்து துடைத்துவிட்டுச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். 'முதல்', 'தலை', 'தொடக்கம்' முதல் எழுத்துக்கு. 'கடை', 'முடிவு', 'வால்' கடைசி எழுத்துக்கு. 'இடை', 'நடு', 'வயிறு' நடு எழுத்துக்கு. இவை கண்ணில் பட்டதும் பக்கத்துச் சொல்லிலிருந்து ஓர் எழுத்தைக் கழற்றிப் பாருங்கள்.

எட்டோடு இரண்டு, அடுத்து குன்று: படியேறிக் கும்பிடும் தலம் (5)

பத்து, மலை. இது எளிது, ஆனாலும் கோலாலம்பூர்க்காரர்களே தவறவிடுவதுண்டு, ஏனென்றால் பத்துமலையைப் பத்து என்ற எண்ணாக நாம் நினைப்பதில்லை. அந்தப் பெயரில் உள்ள பத்து, கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். அருகே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். 272 படி ஏறிக் கும்பிடும் இடத்தின் பெயரை எண்ணாக மாற்றிப் பார்க்கும் கண் வந்துவிட்டால் சேர்ப்புக் குறிப்பு எதுவும் உங்களுக்குக் கடினமாக இராது.

அடுத்தது கலைப்பு. வார இதழ்களில் வரும் சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்புக்குப் பின்னால் 'குழம்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். கிரிப்டிக்கில் அந்தச் சொல் வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கை வாட, குலைந்து மாதாமாதம் கொடுப்பது (3)

கை, வா, ட. இந்த மூன்றும் குலைந்தால் வா, ட, கை. வாடகை. இந்தக் குறிப்பில் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது விடையை அல்ல, 'வாட'வுக்குப் பின்னால் உள்ள காற்புள்ளியை. அது இல்லாவிட்டால் சந்தி விதிப்படி 'வாடக் குலைந்து' என்று எழுத வேண்டும். அப்போது க் என்ற ஒற்று ஒன்று கூடுதலாக வந்து நான்கு எழுத்தாகிவிடும். அந்த ஒற்று வராமல் தடுக்கத்தான் அங்கே காற்புள்ளி. கைதேர்ந்தவர் எழுதியதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

கலைப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். முதலில் ஒரு சொல்லுக்கு இணைச்சொல் கண்டுபிடித்து, பிறகு அதைக் கலைக்கச் சொல்வது நியாயமல்ல. எத்தனையோ இணைச்சொற்கள் இருக்கும்போது எதைக் கலைப்பது? ஆனால் கலைப்பையும் சேர்ப்பையும் ஒன்றாக்கலாம்:

எட்டுக்குப் பின் கலைந்த சவரம், பொறுக்காத வேகம் (5)

தமிழ் எண்களில் எட்டுக்கு உரிய குறி அ என்ற எழுத்தின் வடிவம். 'எட்டுக்குப் பின்' என்றால் முதலில் அ. பிறகு சவரம் என்ற நான்கு எழுத்தும் கலைந்து வசரம். அவசரம். சவரம் அப்படியே கண்முன் இருக்கிறது, அ தன் இடத்தில் தனியாக நிற்கிறது, அதனால் இது நியாயமான குறிப்பு.

தமிழ் எண்களை இப்படிப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. ஔவையார் பாடியதாகச் சொல்லும் 'எட்டேகால் லட்சணமே' இதே முறைதான். எட்டு அ, கால் வ, அவலட்சணமே. தமிழ் கிரிப்டிக் தீர்க்க உட்காருபவர் சிலவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: ஒன்று க, இரண்டு உ, நான்கு ச, ஐந்து ரு, ஏழு எ, எட்டு அ, பத்து ய, கால் வ. குறிப்பில் ஓர் எண் வந்தால் மூன்று வாய்ப்பு: அந்த எண்ணின் பெயரே துண்டாகும், அல்லது இந்த எழுத்துகளில் ஒன்றாகும், அல்லது அந்த எண்ணுக்கு வேறு பொருள் இருக்கும். 'ஆறு' என்றால் நதியும் வழியும் ஆறிப்போ என்ற ஏவலும் ஆகலாம்.

ஐந்துக்கு ரு என்பது நுழைப்புக் குறிப்பில் அழகாக உதவும்:

கம்பு நடுவே ஐந்தைச் செருகினால் பொங்கலுக்கு வாசலில் நிற்பது (4)

கம்பு என்பதற்குள் ரு நுழைந்தால் கரும்பு. 'செருகு', 'விழுங்கு', 'சூழ்', 'உள்ளே', 'வெளியே', 'அணை' இவையெல்லாம் நுழைப்பின் அடையாளங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும்; தமிழ்க் குறிப்புகளில் பாதிச் சிக்கல் இதில்தான். 'ஐந்தை' என்று ஐ உருபு வந்திருக்கிறது, 'கம்பு' உருபு இல்லாமல் நிற்கிறது. ஏன்? ஐந்து என்ற சொல் விடைக்குள் போகவில்லை, அதற்குப் பதில் ரு போகிறது. ஆகவே அதன்மேல் என்ன உருபு ஏறினாலும் பரவாயில்லை. கம்பு என்ற சொல்லோ எழுத்து எழுத்தாக விடைக்குள் போகிறது. அதன்மேல் உருபு ஏறினால் 'கம்பில்', 'கம்புக்கு' என்று எழுத்தே மாறிவிடும். பொருள் மாற்றிப் போகும் சொல்லில் உருபு இருக்கலாம், எழுத்தாகவே போகும் சொல்லில் இருக்கக் கூடாது. இந்த ஒரு வரியை வைத்து மேலே உள்ள குறிப்புகளைச் சோதித்துப் பாருங்கள். மூக்கை என்பதில் உருபு இருந்தது, நாசி வந்தது. கம்பன், விதை, கை வாட, சவரம் எல்லாம் வெறுமையாக நின்றன. நீங்கள் தீர்க்கும்போது இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: வாக்கியத்தில் உருபு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு சொல் மொட்டையாக நிற்கிறதா? அதன் எழுத்துகள் அப்படியே விடைக்குள் போகின்றன என்று சந்தேகப்படுங்கள்.

மறைப்பில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், ஏனென்றால் அங்கே சொல்லின் ஒரு பகுதிதான் வேண்டும்.

அக்கா வடிகட்டிய தேநீருக்குள் தைப்பூசச் சுமை (3)

'அக்கா வடிகட்டிய' என்பதை இடைவெளி விடாமல் எழுதுங்கள். நடுவில் கா, வ, டி. காவடி. விடை கண்முன் எழுதியிருந்தும் கடைசியாகக் கண்ணில் படுவது இந்த வகைதான். இடைவெளி கண்ணை ஏமாற்றிவிடுகிறது. 'உள்ளே', 'ஒளிந்த', 'சிறிது', 'ஒரு பகுதி' போன்ற சொல் இருந்தால் பென்சிலால் இடைவெளிகளை இணைத்துவிட்டுப் படியுங்கள். இந்தக் குறிப்பில் 'தேநீர்' என்ற சொல் மறைப்புக்குத் தேவையில்லை, வாக்கியம் அழகாக வர மட்டும் சேர்த்தது. கறாரானவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடியதே, ஆனால் ஒரு சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

நீக்கலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "தலை போன தவளை கையில் குலுங்குவது (2)": தவளையில் த போனால் வளை.

உயிர்மெய்க்குள் கை வைக்கும் குறிப்புகளைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். இது தமிழின் தனிச்சொத்து, ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லை. நம் எழுத்தின் உறுப்புகளுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கால், கொம்பு, புள்ளி, விலங்கு, சுழி. இவை எல்லாமே வேறு பொருளும் உள்ள சொற்கள்.

கால் ஒடிந்த மாடு விழுந்த நீர்நிலை (2)

மாடு என்பதில் மா-வின் துணைக்காலை எடுத்தால் மடு. இன்னொன்று:

மேடு கொம்பிழந்தால் பள்ளம் (2)

மே-யின் இரட்டைக் கொம்பு போனால் அதே மடு. மேடும் மடுவும் என்று சேர்த்தே சொல்லும் இரண்டு எதிர்ச்சொற்களுக்கு நடுவே ஒரு கொம்புதான் வேறுபாடு என்பதை இந்தக் குறிப்பு காட்டிக்கொடுக்கிறது. "பல் புள்ளி இழந்தால் ஒன்றல்ல (2)" என்றால் பல. 'கால்' என்ற சொல்லை எங்கே கண்டாலும் நின்று யோசியுங்கள். அது உடம்பின் கால், எழுத்தின் துணைக்கால், நான்கில் ஒரு பங்கு, வ என்ற எழுத்து, வாய்க்கால், காற்று, இத்தனையும் ஆகும். 'நீண்ட', 'குறுகிய' என்று வந்தால் குறிலை நெடிலாக்கவோ நெடிலைக் குறிலாக்கவோ சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சில குறிப்புகளில் கணக்கு தீராது. அப்போது உங்கள்மேல் சந்தேகப்படாமல் குறிப்பின்மேல் சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு:

பூச்சியை விரட்டினால் பேராக்கில் ஓர் ஊர் (3)

எழுதியவர் நினைத்த விடை ஈப்போ. "ஈ, போ!" என்று விரட்டுவதாகக் கற்பனை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்தை எண்ணுங்கள். ஈ, போ இரண்டு. விடை ஈ, ப், போ மூன்று. நடுவில் உள்ள ப் எங்கிருந்து வந்தது? சந்தியில் தானாக வந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விளித்து ஏவும் இடத்தில் வல்லினம் மிகாது. 'தம்பி போ' என்றுதான் எழுதுகிறோம், 'தம்பிப் போ' அல்ல. ஆகவே அந்த ஒற்றுக்குக் கணக்கில்லை. இதைச் சரிசெய்ய இப்படி எழுதலாம்:

பூச்சி உப்பு நடுவே செல்: பேராக்கில் ஓர் ஊர் (3)

ஈ, உப்பு என்பதன் நடு எழுத்தான ப், செல் என்பதற்குப் போ. மூன்று கட்டத்துக்கும் மூன்று ரசீது.

இன்னொரு பிழை, ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு அமர்த்துவது. 'குலைந்து' என்ற சொல் கலைப்பின் அடையாளமாகவும் நேர்ப்பொருளின் பகுதியாகவும் ஆக முடியாது. கோடு எங்கே போட்டாலும் ஒரு சொல் இரண்டு பக்கமும் இழுபடுகிறது என்றால் குறிப்பு குறையுள்ளது, அல்லது நீங்கள் கோட்டைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவதே பெரும்பாலும் உண்மை என்பதால் அதை முதலில் சோதியுங்கள்.

விடைப் பக்கம் கையில் இல்லாதபோது குறுக்கே வரும் எழுத்துதான் துணை. ஆங்கிலத்தில் எழுத்து 26, நமக்கு 247. அதனால் ஒரு கட்டத்தில் 'ணீ' விழுந்துவிட்டால் சாத்தியமான சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். இலக்கணமும் உதவும். ங் விழுந்தால் அடுத்த கட்டம் ககர வரிசை, அங்ஙனம் போன்ற ஓரிரு சொல் நீங்கலாக. ஞ் என்றால் பெரும்பாலும் சகரம், ந் என்றால் பெரும்பாலும் தகரம். ட் வந்தால் அடுத்து ட, க, ச, ப வரிசை. ற் வந்தால் ற, க, ச, ப வரிசை. க், ச், ட், த், ப், ற் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. ஆகவே கடைசிக் கட்டத்தில் ட் அல்லது க் உறுதியாகிவிட்டால் விடை பிறமொழிச் சொல் என்று பொருள். நம் ஊர்ப் புதிரானால் ரிங்கிட், பேராக், தே தாரிக், நாசி லெமாக் பக்கம் போங்கள்.

கடைசியாக, பல வகை கலந்த ஒன்றை முழுதாகப் பிரித்துக் காட்டுகிறேன். இதைப் பார்த்ததும் படிக்கவே பயமாக இருக்கும்.

வாசலில் போடுவதற்குள் நம் பேச்சின் வால், அடுத்து மலர், தேர் முடிவு: இரட்டைக் கோபுர நகரம் (6)

கடைசி மூன்று சொல் நேர்ப்பொருள் என்று கோடு போடுங்கள். அதைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும். அதனால்தான் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் ஆறு கட்டம் போடுங்கள்: கோ, லா, ல, ம், பூ, ர். இனி வலப்பக்கத்திலிருந்து கணக்குத் தீர்ப்பது எளிது. தேர் முடிவு ர், அது ஆறாம் கட்டம். மலர் என்றால் பூ, ஐந்தாம் கட்டம். மிச்சம் கோ, லா, ல, ம். 'வாசலில் போடுவது' கோலம். 'போடுவதற்குள்' என்று உருபு ஏறியிருப்பது தவறில்லை. அந்தச் சொல் பொருள் மாறித்தான் உள்ளே போகிறது. கோலத்தின் மூன்று எழுத்தும் 1, 3, 4ஆம் கட்டங்களில் உட்கார்ந்துவிட்டன. இரண்டாம் கட்டத்தில் லா மட்டும் தனியாக நிற்கிறது. 'நம் பேச்சின் வால்' என்றதும் 'வால்' கடைசி எழுத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு பேச்சு என்ற சொல்லிலிருந்து சு-வைக் கழற்றினால் எங்கும் பொருந்தாது. இங்கே வால் நேரடிப் பொருளில் வருகிறது: பேசும் வாக்கியத்தின் வால். "சாப்பிட்டாச்சு லா", "வா லா" என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒட்டிக்கொள்கிறதே, அந்த லா. இரண்டாம் கட்டமும் தீர்ந்தது.